முற்றுப்புள்ளி யாருக்குச் சொந்தம்?

ஒரு காரியம் எப்போது முடிகிறது? கேள்வி மிகச் சாதாரணமானதுதான். தச்சர் கதவை நிலையில் பொருத்தி, ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டால், கதவு வேலை முடிந்தது. இலையில் பரிமாறியாகிவிட்டால் சமையல் முடிந்தது. பாட்டும் கதையும் மட்டும் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கதையின் கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ என்று ஒரு சொல் அச்சாகிறது. அதை எழுதுகிறவனுக்குத் தெரியும், ‘என்னால் இயன்றது இவ்வளவு, இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்’ என்பதற்கு அது ஒரு மரியாதையான மறுபெயர் என்று. நிறுத்தியவன் நாளைக்கு மறுபடியும் தொடங்கலாமா? அவன் இல்லாதபோது வேறொருவர் வந்து தொடங்கலாமா? அவன் வைத்த முற்றுப்புள்ளி அவனுக்குச் சொந்தமா, படித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சொந்தமா, அல்லது யாருக்குமே சொந்தமில்லையா?

இலக்கியத்தை வைத்தே இதை ஆராய்ந்திருக்கலாம். ஆனால் இலக்கியம் என்று வந்தால் நம் எல்லாருக்கும் கட்சிகள் உண்டு. நியாயம் பேசுவதற்கு முன்னாலேயே நாக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு வழக்கு வம்பு இல்லாத ஒரு துறையிலிருந்து உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960-களின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் காலம் வெளிவந்த புகழ்பெற்ற ராக் இசை ஆல்பங்களை, இப்போது ‘சரவுண்ட்’ ஒலி முறையில் புதிதாகக் கலந்து வெளியிடுகிறார்கள். ரசிகர்கள் வீட்டு முன்னறையில் நாலா பக்கமும் ஸ்பீக்கர்களை நிறுத்தி, நடுவில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

ராக் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கூச்சலும் குதிப்பும்தான் அது என்ற அபிப்பிராயம் எனக்கும் அந்நியமானதல்ல. ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே ஒரு காரியம் நடந்தது. தனித்தனிப் பாட்டுகளைச் சேர்த்துத் தட்டுப் போடும் வழக்கம் போய், முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரைக்கும் ஒரே படைப்பாக, நாற்பது நிமிஷ நாவல் மாதிரி, ஆல்பம் செய்யும் பழக்கம் வந்தது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நடுவில் எவ்வளவு மௌனம் என்பதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கவலை புரியும்.

புதிதாகக் கலப்பது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு குரலையும் நாடாவில் தனித்தனி ‘டிராக்’கில் பதிவு செய்கிறார்கள். 1967-ல் பீட்டில்ஸ் குழுவினரிடம் நான்கு டிராக் நாடாதான் இருந்தது. நான்கும் நிரம்பியதும் அவற்றை ஒன்றாக்கி இன்னொரு நாடாவின் ஒரு டிராக்கில் ஏற்றி, மிச்ச இடத்தில் மேலே பதிவு செய்தார்கள். 1972-ல் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் லண்டனில் அதே ஆபி ரோடு கூடத்துக்கு வந்தபோது பதினாறு டிராக்குகள் கிடைத்தன. பதிவு முடிந்த பின் யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தக் குரல் முன்னால், அந்தக் கிதார் பின்னால், இது இடது பக்கம், அது வேண்டவே வேண்டாம் என்று தீர்மானித்து எல்லாவற்றையும் ஒன்றாக்குகிறார். அதற்குத்தான் ‘மிக்ஸிங்’, கலவை என்று பெயர். காய்கறிகளை நறுக்கித் தனித்தனித் தட்டில் வைத்திருப்பது டிராக். கொதித்து இறக்கிய கூட்டு, கலவை. கூட்டிலிருந்து பூசணியைப் பழையபடி பிரித்தெடுக்க முடியாது. ஆனால் தட்டுகளில் இருந்த காய்கள் ஐம்பது வருஷம் கெடாமல் இருந்தால்? அதே காய்களைக் கொண்டு வேறொரு கூட்டு வைக்கலாம் அல்லவா? மூல நாடாக்கள் பத்திரமாக இருப்பதால் இது சாத்தியமாகிறது.

சரவுண்ட் என்பதும் நேற்று முளைத்த யோசனை அல்ல. 1967 மே மாதத்தில் லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் நடந்த கச்சேரியிலேயே பிங்க் ஃபிளாய்ட் குழு, கைப்பிடி ஒன்றைத் திருப்பி ஒலியைச் சபையோரைச் சுற்றி நடமாட விட்டது. 1970-களின் தொடக்கத்தில் நான்கு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ‘குவாட்ரஃபோனிக்’ தட்டுகள் கடைக்கு வந்தன. ஒரு கம்பெனியின் முறை இன்னொரு கம்பெனியின் கருவிக்குச் சரிப்படவில்லை. வாங்கியவர்கள் சலித்துப் போனார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது படுத்துவிட்டது. பிறகு சினிமாக் கொட்டகையின் ஒலி வீட்டுக்குள் நுழைந்தது. 1999-ல் ‘எஸ்.ஏ.ஸி.டி.’ என்ற தட்டும், அடுத்த ஆண்டில் ‘டிவிடி ஆடியோ’வும் வந்தன. முன்னால் மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக ஒன்று. இதைத்தான் 5.1 என்று குறிப்பிடுகிறார்கள். இப்போது ‘டால்பி அட்மாஸ்’ வந்து கூரையிலிருந்தும் ஒலி இறங்குகிறது.

என் தங்கை மகனுக்கு இதில் பைத்தியம். அவன் வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் ஸ்பீக்கர்தான். சென்ற வருஷம் ஒருநாள், “மாமா, இந்த நாற்காலியில் உட்காருங்கள். தலையை அசைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும்” என்று சொல்லி என்னை அறை நடுவில் இருத்தினான். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்ற ஆல்பத்தைப் போட்டான். 1973 மார்ச்சில் வெளிவந்தது அது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எல்லாமாகச் சேர்த்துத் தொள்ளாயிரம் வாரங்களுக்கு மேல் இடம் பெற்றிருக்கிறது. அவன் போட்டது 2003-ல் ஜேம்ஸ் கத்ரி என்பவர் சரவுண்டில் கலந்த தட்டு. இந்த ஆல்பத்தைப் பல வருஷங்களுக்கு முன் இரண்டு ஸ்பீக்கரில் நான் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு எதிரே ஒரு மேடையில் நடந்தது. இப்போது நான் மேடைக்குள் இருந்தேன். கடிகாரங்கள் நான்கு பக்கமும் அடித்தன. யாரோ ஓடும் காலடிச் சத்தம் என்னைச் சுற்றி வந்தது. என்னையறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

“திரும்பாதீர்கள் மாமா!” என்றான் அவன்.

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “எனக்கு அந்த நாற்காலி கிடைத்ததே இல்லை, மாமா. ஒரு வருஷமாக இங்கே நின்றுதான் கேட்கிறேன். இங்கே அந்தப் பின்பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் காதில் விழும். இவர் பாடும் பாட்டு வேறு, எனக்குத் தெரிந்த பாட்டு வேறு” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதில் விளையாட்டுக்கு மேலான ஒரு விஷயம் இருந்தது. முன்னால் இருப்பவருக்கு மெயின் குரல் கேட்கிறது. பின்னால் இருப்பவளுக்குத் துணைக் குரலும் ஒரு சின்னக் கிதாரும் மட்டும் கேட்கின்றன. அந்தச் சின்னக் கிதாரை வாசித்தவனைப் பற்றி உலகத்தில் அதிகமாகத் தெரிந்தவள், ஒருவேளை, அவளாகவே இருக்கலாம்.

இங்கேதான் என் கேள்விக்கு உயிர் வருகிறது. பழைய கலவையில் மற்ற ஒலிகளுக்குக் கீழே அமுங்கிக் கிடந்த ஒரு கைத்தாளம், மூச்சோடு சேர்ந்த ஒரு முனகல், இரண்டாம் வரிசை வாத்தியக்காரரின் நான்கே நான்கு ஸ்வரங்கள் இவையெல்லாம் சரவுண்டில் தனித்தனி இடம் பெற்று எழுந்து நிற்கின்றன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவருடைய உழைப்பு முதல் தடவையாகக் காதில் விழுகிறது. இது நல்ல காரியமா, கெட்ட காரியமா?

நல்ல காரியம் என்பதற்கு அந்த ஆல்பத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அதில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்று ஒரு பகுதி. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேலே ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல், மரணத்தை எதிரில் பார்த்தது போல எழுந்து, கெஞ்சி, அடங்குகிறது. பாடியவர் கிளேர் டோரி. கூலிக்குப் பாட வந்தவர். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடினார். முப்பது பவுன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இன்ன மெட்டில் பாடு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; அந்த மெட்டு அவர் தொண்டையில் பிறந்தது. 2004-ல் அவர் வழக்குப் போட்டார். 2005-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் இசையமைத்தவர்கள் என்று ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் அச்சாகிறது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அட்டையில் ஒரு பெயர் ஏறியதே, அந்தத் திருத்தத்தைத் தவறு என்று யாராவது சொல்வார்களா? பழைய அட்டை பழையபடியே இருக்கட்டும் என்று வாதாடுவது கலைக்குச் செய்யும் மரியாதையாகுமா? அட்டையைத் திருத்தலாம் என்றால், அமுங்கிப்போன ஒலியை மேலே கொண்டு வருவதும் அதே ஜாதி நியாயம்தானே என்று தோன்றுகிறது.

தோன்றுகிறதே தவிர, நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளமாட்டேன். பெயரை மறைப்பது அநியாயம். ஒலியை அடக்கி வைப்பது பல சமயங்களில் கலை. இரண்டும் ஒன்றல்ல. நாவலில் ஒரு வேலைக்காரி வருகிறாள். காப்பியை வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, துக்கம் உண்டு. எழுதுகிறவனுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விடுகிறான். அவளை அலட்சியம் செய்து விடவில்லை. கதவைத் திறந்து மூடும் அந்த ஒரு கணத்தில் அவளுடைய முழு பாரமும் இருக்க வேண்டும் என்பதற்காகவே விடுகிறான். பின்னால் ஒருவர் வந்து, ‘பாவம், இவளுக்கும் ஓர் அத்தியாயம் தருவோம்’ என்று சேர்த்தால், அவளுக்கு நியாயம் கிடைத்ததாகத் தோன்றும். கதைக்கு அநியாயம் நடந்திருக்கும். கலவை என்பது எதைக் கேட்க வைப்பது என்ற தீர்மானம் மட்டும் அல்ல. எதை ஒளித்து வைப்பது என்ற தீர்மானமும் அதுவேதான்.

இதற்கு நான் அறிந்த மிக உருக்கமான உதாரணம் பிரையன் வில்சன். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் மூளை அவர். 1966-ல் ‘பெட் சவுண்ட்ஸ்’ என்ற ஆல்பத்தைச் செய்தார். அவருக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காது. இடது, வலது என்று ஒலியைப் பிரித்து வைக்கும் ஸ்டீரியோவின் இன்பம் அவருக்கு இயற்கையிலேயே மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே எல்லா வாத்தியங்களையும் எல்லாக் குரல்களையும் ஒரே புள்ளியில் குவித்து, ஒற்றை ஒலியாக, ‘மோனோ’வாக அந்த ஆல்பத்தை அவர் கலந்தார். இரண்டு வாத்தியங்கள் ஒன்றோடொன்று கலந்து பெயர் இல்லாத மூன்றாவது வாத்தியம் போல ஒலிப்பதை அதில் கேட்கலாம். 1997-ல் பழைய நாடாக்களை ஒன்றோடொன்று இணைத்து அதற்கு ஸ்டீரியோக் கலவை வந்தது. 2003-ல் சரவுண்டும் வந்தது. வில்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார்; 2025 ஜூனில்தான் காலமானார். ஆனால் இதை நினைத்துப் பாருங்கள்: தம்முடைய சொந்தப் படைப்பு ஐந்து திசையிலிருந்து ஒலிப்பதை அவருடைய காதுகளால் முழுமையாக அனுபவிக்க முடியாது. நம்மால் முடியும். படைத்தவனுக்கே எட்டாத இடத்தில் அவன் படைப்பை வைத்து நாம் ரசிக்கிறோம். இது பாக்கியமா, அத்துமீறலா?

அவர் ஒற்றைக் காதால் கேட்டது ஒரு குறை. அந்தக் குறையிலிருந்து பிறந்தது ஒரு வடிவம். குறையை நீக்குகிறேன் என்று புறப்படுகிறவர் வடிவத்தையும் சேர்த்தே நீக்கிவிடக் கூடும். ‘பெட் சவுண்ட்ஸ்’ சரவுண்டில் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயரற்ற அந்த மூன்றாவது வாத்தியம் அங்கே இல்லை. அதன் தாயும் தந்தையும் தனித்தனி ஸ்பீக்கரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பழையதைத் தொடவே கூடாது, மூலம்தான் வேதம் என்று முடித்துவிடலாமா? அதற்கும் வழியில்லை. மூலம் எது என்று கேட்டால் பல சமயங்களில் விடை ஒன்றாக இருப்பதில்லை. 1967-ல் வந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோக் கருவிதான். ஆகவே குழுவினர் கூடவே இருந்து மிகுந்த பொறுமையோடு கலந்தது மோனோத் தட்டு. ஸ்டீரியோக் கலவையை அவர்கள் இல்லாமல் ஜார்ஜ் மார்ட்டினும் அவருடைய ஒலிப்பதிவாளர்களும் சொற்ப நாட்களில் முடித்தார்கள். பிறகு காலம் மாறி மோனோ மறைந்தது. அவசரமாகச் செய்த அந்த ஸ்டீரியோவையே இரண்டு தலைமுறைகள் மூலம் என்று நினைத்துக் கேட்டு, மனத்தில் பதித்து, காதலித்து, வயதாகின. 2017-ல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அதை ஸ்டீரியோவிலும் சரவுண்டிலும் புதிதாகக் கலந்தபோது, வழிகாட்டியாக வைத்துக்கொண்டது அந்தப் பழைய மோனோவைத்தான். தந்தை 2016-ல் காலமாகிவிட்டார். பாடியவர்களில் லெனன் 1980-லும் ஹாரிஸன் 2001-லும் போய்விட்டார்கள். மகன் செய்தது திருத்தமா, திருப்பிக் கொடுத்தலா? இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

‘டார்க் சைட்’ ஆல்பத்திலும் இதே சிக்கல் உண்டு. அதைப் பதிவு செய்த இன்ஜினீயர் ஆலன் பார்ஸன்ஸ். பழைய சாமான் கடை ஒன்றில் கடிகாரங்களின் சத்தத்தை, நாற்புற ஒலியைச் செய்து காட்டுவதற்காகவே அவர் முன்பு பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் கடிகாரங்கள்தாம் ஆல்பத்துக்குள் வந்தன. 1973-லேயே அவர் ஒரு குவாட்ரஃபோனிக் கலவையும் செய்தார். தட்டு வெளிவந்தது, அந்த முறை மடிந்தபோது அதுவும் மறைந்தது. முப்பது வருஷம் கழித்து கத்ரி அதே நாடாக்களை எடுத்து வேறு விதமாகக் கலந்தார். 2011-ல் ஒரு பெரிய பெட்டியாக ஆல்பம் வெளிவந்தபோது பார்ஸன்ஸின் பழைய நாற்புறக் கலவையும் அதில் சேர்க்கப்பட்டது. 2023-ல் கத்ரியே செய்த அட்மாஸ் கலவை வந்தது. கடிகாரங்களைப் பொறுத்தவரை, அவை நாற்புறமும் அடிக்கப் பிறந்தவை. இரண்டு ஸ்பீக்கரில் அடங்கி நின்றதுதான் அவற்றுக்கு வனவாசம். அன்று என் தங்கை மகன் வீட்டில் நான் திரும்பிப் பார்த்தது புதுமைக்காக அல்ல. முதலில் நினைத்திருந்த ஒன்று வந்து சேர்ந்ததற்காக என்றும் சொல்லலாம்.

ஆகவே ‘தொடலாமா, கூடாதா’ என்ற கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. தொட்டபின் பழையதை என்ன செய்தாய் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவில் ஃபிராங்க் ஸாப்பா என்று ஒரு மேதை இருந்தார். 1968-ல் அவருடைய குழு ‘வி ஆர் ஒன்லி இன் இட் ஃபார் தி மனி’, ‘குரூஸிங் வித் ரூபன் அண்ட் தி ஜெட்ஸ்’ என்ற இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. 1980-களில் அவற்றை மறுபடியும் வெளியிடும் காலம் வந்தபோது, ஸாப்பா பழைய பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, புதிய ஆட்களைக் கொண்டு புதிதாக வாசிக்க வைத்து அந்த இடத்தில் வைத்தார். குறுந்தட்டில் அதுவே வந்தது. பழைய கலவை கடையிலிருந்து மறைந்தது. முதல் ஆல்பம் பழைய வடிவத்தில் திரும்பி வந்தது 1995-ல். இரண்டாவதின் பழைய கலவை 2010-ல். ஸாப்பாவோ 1993-லேயே காலமாகிவிட்டார்.

இங்கே அந்நியர் யாரும் நுழையவில்லை. படைத்தவரே தம் படைப்பைத் தொட்டார். சட்டப்படி முழு உரிமை அவருக்கு இருந்தது. என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று யோசித்தேன். முதலாவது, 1968-ல் அந்த டிரம்ஸை வாசித்தவன் ஒரு மனிதன். அவன் கை அங்கே இருந்தது, இப்போது இல்லை. கிளேர் டோரிக்குப் பெயர் சேர்த்ததற்கு நேர் எதிரான காரியம் இது. இரண்டாவது, பதினெட்டு வயதில் அந்தத் தட்டைக் கேட்டு அழுத ஒருவன் இருந்திருப்பான். அவனுடைய கண்ணீருக்குக் காரணமான பொருள் கடையில் இல்லை. அதே பெயரில் வேறொன்று இருக்கிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. படைப்பு கையை விட்டுப் போனபின் அதில் ஒரு பங்கு அவனுக்கும் உண்டு. பெரிய பங்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் பறிக்கக் கூடாத பங்கு.

இதற்கு எதிர்ப்புறமாக ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. கிங் கிரிம்ஸன் குழுவின் ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்’ ஆல்பம் 1969-ல் வெளிவந்தது. அதன் நாற்பதாம் ஆண்டில், 2009-ல், குழுவின் தலைவர் ராபர்ட் ஃப்ரிப்பின் சம்மதத்தோடு ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் அதைச் சரவுண்டில் கலந்தார். இவர் வேறு வில்சன், பிரையனுக்கு உறவில்லை. இவர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் தனித்தனி டிராக்குகளை வைத்துக்கொண்டு, பழைய ஸ்டீரியோவை அருகில் ஓடவிட்டு ஒப்பிட்டு, அதே போலத் தாமும் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறார். பழைய கலவைக்காரர் ஏன் இதை அடக்கினார், ஏன் அதை எழுப்பினார் என்பதை இப்படிக் கையால் கற்றுக்கொண்ட பிறகே ஒலியைச் சுற்றிலும் விரிக்கிறார். பாடம் கேட்ட பிறகு வியாக்கியானம் எழுதுவது போல. அந்தப் பதிப்பிலேயே பழைய கலவையும் கூடவே கிடைத்தது. ‘இது என் வாசிப்பு, அது மூலம், இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்ற நாணயம் அதில் இருக்கிறது.

இந்த நாணயம் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. புதியதைப் புதியது என்றே சொல்ல வேண்டும். பழையதை அதன் இடத்தில் விட்டுவைக்க வேண்டும். வாசித்தவர் எவரையும் துடைக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

‘பொழுதுபோக்குக்குக் கேட்கிற பாட்டுக்கு இத்தனை தர்ம விசாரமா?’ என்று சிலர் சிரிக்கக் கூடும். பாட்டு பொழுதுபோக்காக இருக்கலாம். அதைக் கேட்ட பொழுது நம் ஆயுளில் ஒரு பகுதி. ஒருவன் தன் இருபதாம் வயதை மறுபடியும் தொட்டுப் பார்ப்பதற்கு என்ன வைத்திருக்கிறான்? ஒரு போட்டோ, ஒன்றிரண்டு கடிதங்கள், சில பாட்டுகள். போட்டோவை யாராவது மெருகேற்றி, மூக்கைச் சற்று நேராக்கித் தந்துவிட்டு, பழையதைக் கிழித்துப்போட்டால் நாம் நன்றி சொல்வோமா? மெருகேற்றிய படத்தை மாட்டிக்கொள்வதில் தப்பில்லை. கிழித்ததுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடு நாற்காலி மிகவும் மயக்கம் தரும் இடம். உலகத்தின் ஒலிகளெல்லாம் எனக்காகவே, என் தலையை மையமாக வைத்தே ஏற்பாடாகியிருக்கின்றன என்ற எண்ணம் அங்கே உட்கார்ந்தவுடன் உண்டாகிவிடுகிறது. எல்லாம் எனக்குக் கேட்க வேண்டும், எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது, பழையவர்கள் மறைத்தது அவர்களுடைய கருவியின் வறுமை என்று அந்த இடத்திலிருந்து எண்ணுவது சுலபம். வாசலில் நின்று பாதியை மட்டும் கேட்கிறவளுக்கு அந்த மயக்கம் வருவதில்லை. தனக்குக் கேட்காதது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். புதிய கலவை எவ்வளவு துலக்கமாக இருந்தாலும், அதுவும் யாரோ ஒருவர் அடக்கியும் எழுப்பியும் செய்த கலவைதான். அதிலும் கேட்காமல் போனவை உண்டு. இதை நினைவில் வைத்திருக்கிறவர் எந்த நாற்காலியிலும் உட்காரலாம்.

என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய நாவல் ஒன்று மறுபதிப்புக்குப் போகிறது. பதிப்பாளர், ‘ஸார், திருத்தம் ஏதாவது உண்டா? இப்போது உங்கள் நடை எவ்வளவோ மாறியிருக்கிறதே’ என்று எழுதிக் கேட்டிருந்தார். பிரதியை எடுத்துப் படித்தேன். இன்று எழுதினால் அந்தக் கதாநாயகியை அவ்வளவு பேச விடமாட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தில் மழையைக் குறைப்பேன். பேனாவைக் கையில் எடுத்தது உண்மை. அப்போதுதான் இந்த ராக் இசைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அந்த நாவலைக் கலந்தவன் முப்பத்திரண்டு வயது இளைஞன். அவனுக்குச் சில காதுகள் கேட்கவில்லை. அதனாலேயே சில இடங்களில் உரக்கப் பேசினான். அந்த உரத்த பேச்சைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதிய பெண்கள் இன்று பாட்டிகளாகியிருப்பார்கள். அவர்கள் பேத்திகளுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால், தாங்கள் படித்த அதே மழை அதில் பெய்ய வேண்டும். அச்சுப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன். இப்போதைய எனக்கு அந்தக் கதையில் சொல்ல ஏதாவது மிச்சமிருந்தால், வேறு பெயரில் வேறு நாவல் எழுதுவேன். அதை யார் தடுக்கப் போகிறார்கள்?

முற்றுப்புள்ளி யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். வைத்தவனுக்கு அதை வைக்கும் வரையில்தான் உரிமை. வைத்த பிறகு அது ஒரு பொது இடத்து மைல்கல்லைப் போல. அதைத் தாண்டி யார் வேண்டுமானாலும் நடக்கலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். போகிற வழியில் அந்தக் கல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பின்னால் வருகிறவர்களுக்குத் தாங்கள் எங்கிருந்து புறப்பட்டோம் என்று தெரிய வேண்டும் அல்லவா?